கையால் கற்கும் கல்வி



சென்ற திங்கள் இப்பகுதியில் நம் குழந்தைகளின் தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "நம் வீட்டுப் பெண்கள் பலர் செவிலியர் கல்வி பயில்கிறார்களே, அவர்களைப் பற்றி இப்பகுதியில் ஒரு சொல்லேனும் எழுதியதுண்டா?" என்று கேட்டுக் கடிதம் விடுத்திருக்கிறார். எழுதியதில்லை. அக்குறையை ஒப்புக்கொள்கிறோம், இத்திங்களே அதை நீக்கவும் முற்படுகிறோம்.

செவிலியர் கல்வி என்றதும் நம் நினைவு 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கே செல்கின்றது. 2020 மார்ச்சு 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று கூறிற்று. அந்த ஆண்டையே செவிலியர்க்கும் மருத்துவச்சியர்க்கும் உரிய ஆண்டாக அந்நிறுவனம் முன்னரே குறித்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுறும் ஆண்டு அது. விழா எடுப்பதற்கென்று குறித்த ஆண்டு, வேள்வி நடத்திய ஆண்டாக முடிந்தது.

அவ்வேள்வியில் மருத்துவரும் செவிலியரும் ஆற்றிய தொண்டை நாடே புகழ்ந்தது. ஆனால், படிப்பை முடிக்காத மாணவியரும் மாணவரும் அந்நாளில் எங்கே இருந்தனர், எதைக் கற்றனர் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். படித்து முடித்த செவிலியர் பணியில் இருந்தார்கள். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நின்றவர்கள் இவர்கள். இவர்களுள் சிலருக்குக் கற்க வேண்டிய இடம் அடைக்கப்பட்டது. வேறு சிலர் கற்று முடிப்பதற்கு முன்பே அவ்விடத்தில் நிறுத்தப்பட்டனர்.

இதன் பொருளை உணர்வதற்கு அக்கல்வியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1860 ஆம் ஆண்டில் இலண்டனில் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பள்ளியை மருத்துவமனைக்குள்ளேயே அமைத்ததில் ஒரு கருத்து இருந்தது. நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் இக்கலையைக் கற்க முடியும் என்பதே அக்கருத்து. நம் நாட்டிலும் இதே வழியே பின்பற்றப்பட்டது. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871 ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். செவிலியர் பட்டப்படிப்பு 1946 ஆம் ஆண்டில் வேலூரிலும் நாம் வாழும் இத்தில்லியிலும் தொடங்கிற்று. இன்று பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் நடைபெறுகின்றது. உடற்கூறும் நுண்ணுயிரியலும் மருந்தியலும் நூலில் உள்ளன. நூலைப் படித்து அவற்றில் தேர்ச்சி பெறலாம். நாடியைத் தொட்டு எண்ணுவதும், எழ முடியாதவரை வலியின்றிப் புரட்டிப் படுக்க வைப்பதும், அஞ்சுகின்ற நோயாளியிடம் பேசிக்கொண்டே ஊசி போடுவதும் நூலில் இருந்தும் இல்லாதவையே. அவை கைக்குத்தான் வர வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் சங்கத்து நூலகத்தில் இரு பெண்களைச் சந்தித்தோம். இருவரும் இப்போது தில்லியில் செவிலியராகப் பணிபுரிகின்றனர். ஒருத்தி தேனி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்தவள். தாய்மாமன் இங்கே இருப்பதால் இங்கே வந்து பயின்றாள். மற்றவள் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். நம் வீட்டுப் பிள்ளைகள் என்ற உரிமையோடு இருவரையும் 'அவள்' என்றே குறிப்பிடுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் விருப்பப்படியே விடுத்தோம்.

முதலில் தேனிப் பெண்ணின் கதையைச் சொல்வோம். அவள் 2019 இல் கல்லூரியில் சேர்ந்தாள். முதலாண்டு முடிவதற்குள் நோய் வந்தது. மார்ச்சு மாதத்தின் நடுவில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்த ரயிலில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தாள். அதுவும் நற்பேறே என்று சொல்ல வேண்டும். மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது; பயணிகள் ரயில்கள் நின்றன. போக வழியில்லாமல் விடுதிகளில் தங்கிவிட்ட வெளியூர்ப் பிள்ளைகள் பலர். மே 12 அன்றுதான் புதுதில்லியிலிருந்து சென்னை உள்ளிட்ட 15 ஊர்களுக்குச் சிறப்பு ரயில்கள் விடத் தொடங்கினார்கள். அந்நாள் நைட்டிங்கேல் அம்மையாரின் 200 ஆவது பிறந்தநாள் என்பதை அப்போது நினைத்தவர் எத்தனை பேரோ, அறியோம்.

ஊரில் அவளுக்குக் கல்லூரி என்பது தந்தையின் கைப்பேசியாயிற்று. தந்தை தோட்டத்துக்குப் போகும்போது கைப்பேசியை வீட்டில் விட்டுச் செல்வார். வீட்டினுள் சைகை கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்து பாடம் கேட்பாள். ஆசிரியை அங்கே கட்டிலில் விரிப்பு விரித்து மூலையை மடித்துக் காட்டுவார்; படம் பாதியில் நின்றுவிடும். மீண்டும் அசையும்போது மூலை மடிந்து முடிந்திருக்கும்! "மடித்த மூலையைப் பார்த்தேன், ஐயா, மடிக்கும் கையைப் பார்க்கவில்லை" என்றாள்.

இந்நிலையில் அவளுடைய பாட்டி முற்றத்தில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். பேத்திக்கு அது துயரம். மாணவிக்கு அதுவே வகுப்பு. காலையும் மாலையும் பாட்டியின் மணிக்கட்டைப் பற்றி ஒரு நிமிடம் முழுதும் நாடியை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினாள். படுத்த நிலையிலேயே உடம்பைத் துடைத்துவிடவும், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிவிடவும் பழகினாள். நூலில் உள்ளபடி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து பார்ப்பாளாம். பாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "படிப்பு உன்னுடையது, முதுகு என்னுடையதா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், நாமும் சிரித்தோம்.

ஆனால் ஒரு பாட்டியைக் கொண்டு எல்லாவற்றையும் கற்றுவிட முடியாது. ஊசி போடுவதையும் நரம்பில் மருந்து ஏற்றுவதையும் அவள் எழுத்தில்தான் அறிந்திருந்தாள். அறிமுகமில்லாத நோயாளியின் கட்டிலருகே சென்று முதற்சொல் பேசுவதை எழுத்திலும் அறிந்திலள். "எழுத்தில் எண்பது மதிப்பெண், கையில் பூஜ்யம்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லூரி திறந்து மீண்டும் வார்டுக்குள் நுழைந்தபோது அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் ஊசியை எடுத்த கை நடுங்கிற்று. அருகே நின்ற மூத்த செவிலியர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "நோயாளிக்கு உன் மதிப்பெண் தெரியாது, உன் கைதான் தெரியும்" என்றார். அன்று முதல் ஓராண்டு, பணி நேரம் முடிந்தபின்னும் அனுமதி பெற்று இரண்டு மணி நேரம் வார்டிலேயே நின்று கற்றிருக்கிறாள். இழந்த காலத்தை அவள் தன் உறக்கத்தைக் கொடுத்து மீட்டாள் என்றால் மிகையாகாது.

இனி மற்றவளின் கதை. இதைச் சொல்லுமுன் நம்மைப் பற்றிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும்; அதை மறைத்துவிட்டு இவ்வுரையை எழுதுவது நேர்மையாகாது.

2021 ஏப்ரலில் தில்லி பட்ட பாட்டை நம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 19 ஆம் தேதி இரவு முதல் ஊரடங்கு. படுக்கை இல்லை, பிராணவாயு இல்லை, சிலிண்டருக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றவர்கள் நம்மிலும் உண்டு. மே 3 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. செவிலியர் படிப்பில் தேறியவர்களைக் கொரோனாப் பணியில் முழுநேரமும் ஈடுபடுத்தலாம். இறுதித் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் மாணவரையும் மூத்தவர் மேற்பார்வையில் அப்பணிக்கு அனுப்பலாம். 100 நாள் பணி முடித்தவர்க்கு அரசுப் பணி நியமனங்களில் முன்னுரிமை உண்டு என்பன அக்காலத்தில் வந்த செய்திகள். நம் உறுப்பினரின் மகள் அப்போது இறுதியாண்டு மாணவி. சனவரியில் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவ ஊழியரோடு மாணவரையும் சேர்த்திருந்தமையால் இரண்டு ஊசிகளையும் போட்டுக்கொண்டிருந்தாள். கொரோனா வார்டுக்கு வர இசைவுண்டா என்று அவள் வகுப்பினரைக் கேட்டார்கள்.

அன்றிரவு அவள் தந்தை நமக்குத் தொலைபேசியில் பேசினார். "ஒரே மகள், ஐயா. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்" என்றார். நாம் சற்றும் தயங்கவில்லை. "படிப்பு முடியாத குழந்தை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அதே இப்பகுதியில், ஓராண்டுக்கு முன்னர், தொண்டின் பெருமையை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியவர் நாமே! ஊரார் வீட்டுப் பெண்ணின் தொண்டைப் போற்றுவது எளிது. நம்மவர் வீட்டுப் பெண் என்றவுடன் அறிவுரை மாறிவிட்டது.

அப்பெண் நம் அறிவுரையைக் கேட்கவில்லை. தந்தையிடம், "அப்பா, இன்று போகாவிட்டால் நாளைக்கு எந்த வார்டுக்குள் எந்த முகத்தோடு போவேன்?" என்று மட்டும் கேட்டாளாம். மறுநாள் காலையில் தந்தையே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே அவள் கண்டவற்றை இப்போது அமைதியாகவே சொல்கிறாள். கவச உடையை அணிந்தால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது. கழிப்பறைக்குப் போக முடியாது. முகத்தின் முன் மாட்டிய கண்ணாடித் தகட்டில் மூச்சின் ஆவி படியும். மருந்துப் பெயரைக் கண்ணருகே கொண்டுவந்து படிக்க வேண்டும். இரட்டைக் கையுறையின் மேலாக நாடி தட்டுப்படாது. நான்காண்டு கையால் கற்ற கல்வி, கைக்கும் நோயாளிக்கும் இடையே உறையைப் போட்டுக்கொண்டு தேர்வெழுதிற்று. எல்லோரும் ஒரே வெள்ளை உடையில் இருந்தமையால் யார் யாரென்று தெரியாது. ஆகவே உடையின் முதுகிலும் மார்பிலும் பெயரை மையால் எழுதிக்கொள்வார்கள்.

அவ்வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். மகன் வீட்டைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து மார்ச்சு மாதம் வந்தவர். இந்தி ஒரு சொல்லும் அறியார். குப்புறப் படுத்தால் நுரையீரலுக்குக் காற்று நன்றாகச் செல்லும் என்பதால் நோயாளிகளை அவ்வாறு படுக்கச் செய்வது அங்கே வழக்கம். இவரைப் படுக்க வைக்க வந்தவர்கள் இந்தியில் சொன்னார்கள். அவர் அஞ்சிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தம்மை ஏதோ செய்யப்போகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். அப்போதுதான் இவள், "தாத்தா, பயப்படாதீர்கள். கவிழ்ந்து படுத்தால் மூச்சு இளகும். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றாள். பெரியவர் கம்பியை விட்டார். சிறிது நேரத்தில் கருவியில் பிராணவாயுவின் அளவு மெல்ல ஏறிற்று. அது முதல் நாள்தோறும் அவளுடைய குரலை எதிர்நோக்கியே இருப்பாராம். உடையில் எழுதிய பெயர் இந்தியில் இருந்ததால் அவரால் படிக்க முடியவில்லை. மறுநாள் முதல் அவள் தன் பெயரைத் தமிழிலும் எழுதிக்கொண்டு போனாள். அவர் பிழைத்து வீடு திரும்பினார். அவள் முகத்தை அவர் இன்றுவரை கண்டதில்லை.

பிழையாதவர்களும் உண்டு. உயிர் நீங்கிய உடலுக்குச் செய்ய வேண்டுவனவற்றைக் கல்லூரியில் ஒரு பொம்மையை வைத்துக் கற்பித்திருந்தார்கள். பணியின் மூன்றாம் நாளே அதை ஒரு மனிதருக்குச் செய்ய நேர்ந்தது. அவருடைய கைப்பேசி தலையணைக்கடியில் ஒலித்துக்கொண்டே இருந்தது என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவளுடைய இறுதித் தேர்வு பல மாதம் தள்ளிப்போயிற்று, பட்டம் தாமதமாயிற்று, வேலையும் தாமதமாயிற்று. பகலில் வார்டும் இரவில் நூலுமாக அம்மாதங்கள் கழிந்தன. இத்துன்பங்களைக் கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அவளைச் சுட்டது வேறொன்று.

2020 மார்ச்சு 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் பால்கனியில் நின்று கைதட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். மருத்துவத் தொண்டருக்கு நன்றி கூறினோம். 2021 மே மாதத்தில் அதே குடியிருப்பில், வார்டிலிருந்து திரும்பிய இப்பெண்ணிடம், "லிஃப்டில் ஏற வேண்டாம், படியேறிப் போம்மா" என்று சொன்னோம். ஆறு மணி நேரம் நின்ற கால்களோடு அவள் நான்கு மாடி ஏறினாள். அவ்வாறு சொன்ன வீடுகளுள் ஒன்றிலிருந்தே, ஒரு வாரத்துக்குள், நள்ளிரவில் அவளுக்கு அழைப்பு வந்தது: "அம்மா, மாமாவுக்கு மூச்சுத் திணறுகிறது, எங்கேனும் ஒரு படுக்கை கிடைக்குமா?" அவள் நான்கு இடங்களுக்குப் பேசிப் படுக்கை தேடிக் கொடுத்தாள். லிஃப்டைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நாம் வற்புறுத்திக் கேட்டபோது, "அவர்களுக்குப் பயம், மாமா. பயப்படுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பாடத்தில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

அன்பர்களே! இவ்விருவரின் கதைகளும் வெவ்வேறு போலத் தோன்றினும் உணர்த்துவது ஒன்றே. செவிலியர் கல்விக்கு நோயாளியின் கட்டிலே பாடநூல். ஒருத்திக்கு அந்நூல் மூடப்பட்டது. அவள் பாட்டியின் கட்டிலில் அதைத் தேடிக்கொண்டாள். மற்றவளுக்கு அதன் கடைசிப் பக்கம் முதலில் திறக்கப்பட்டது. அவள் அஞ்சாமல் படித்தாள். இருவருக்கும் உதவிய மனிதர்கள் இருந்தார்கள்: ஒரு பாட்டி, ஒரு மூத்த செவிலியர், ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட ஒரு தந்தை. அவ்வரிசையில் நம் சங்கம் இல்லை என்பதே நமக்குள்ள வருத்தம்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்நோயின் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. நோய் அடங்கியதும் நன்றியும் அடங்கிவிடுதல் உலக இயல்பு. தொற்றுக்காலத்தில் ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தப்பட்ட செவிலியர் பலர், தேவை தீர்ந்ததும் பணியிழந்ததைக் கண்டோம். தமிழ்நாட்டிலும் 2022 டிசம்பர் இறுதியோடு அத்தகையோரின் ஒப்பந்தம் முடிவுற்றது. அரசு செய்ய வேண்டுவனவற்றை அரசிடம் கேட்போர் கேட்கட்டும். நம் கைக்கு எட்டியவற்றை நாம் செய்யலாமன்றோ?

மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, வெளியூரிலிருந்து வந்து இந்நகரத்து விடுதிகளில் தங்கிச் செவிலியர் கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு நம் வீடுகள் திறந்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு வேளைச் சோறு, விடுதி அடைபட்டால் தங்க ஓர் அறை. இவற்றைத் தர இசைபவர்கள் சங்கத்துச் செயலாளரிடம் பெயரைப் பதிந்து வைக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். மலையாளத்துப் பெண்ணும் மணிப்பூர்ப் பெண்ணும் இந்நகரில் நம்மைப் போலவே வந்தேறியவர்கள்தாம்.

இரண்டாவது, மருத்துவமனையில் மொழி தெரியாமல் தவிக்கும் தமிழ் நோயாளிக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்ல நம்முள் சிலர் முறை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவருக்குக் குரல் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. எல்லோருக்கும் அவ்வாறு கிடைக்கும் என்று இருந்துவிடலாகாது.

மூன்றாவது, அவ்விரண்டு ஆண்டுகளில் பயின்ற செவிலியர் நம்மிடையே இன்னும் பலர் இருப்பர். அவர்கள் தம் அனுபவங்களை நான்கு பக்கமேனும் எழுதி அனுப்ப வேண்டுகிறோம், பெயரின்றியும் வெளியிடுவோம். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வாராதிருக்கட்டும். வந்தால், அன்றைய மாணவிக்கு இவர்களின் எழுத்து துணையாகும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். "நர்ஸ் படிப்பா?" என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நாமும் அன்று தொலைபேசியில் அவ்வச்சத்தின் வேறொரு வடிவத்தையே பேசினோம். அறிவுரை கேட்ட அத்தந்தையிடம் சென்ற வாரம் நேரில் போய், "அன்று நாங்கள் சொன்னது தவறு" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் காபி கொடுத்தார். "நானும் உங்கள் சொல்லைக் கேட்கத்தான் நினைத்தேன், ஐயா, அவள்தான் கேட்கவில்லை" என்றார்.

 செவிலியர் கல்வி பயிலும் நம் செல்வங்களின் கைகள் நலம் பெறுக. அவர்களால் நாடும் நலம் பெறுக.